கோடையில் நனைந்த சக்கரம்

குருமிசாவா ஊரில் மோஹெய் என்று ஒருவர் இருந்தார். சிலருக்குச் சந்தேகம் வயதான பிறகு வரும். இவருக்குக் கருவிலேயே வந்திருக்க வேண்டும். கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே கிண்ணத்தில் சாகே என்கிற அரிசி மதுவைக் குடிக்கிற சடங்கில், குடிக்கும் முன் கிண்ணத்தைத் தலைக்குமேல் தூக்கி அடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்த மாப்பிள்ளை எங்கள் பள்ளத்தாக்கிலேயே இவர் ஒருவர்தான். பக்கத்தில் வெள்ளை முக்காட்டோடு உட்கார்ந்திருந்த கிவா பக்கென்று சிரித்துவிட்டாளாம். மணப்பெண் சிரிக்கலாமா என்று அவள் வீட்டார் பதறிப்போனார்கள். மாப்பிள்ளைக்கோ இவள் எதற்குச் சிரித்தாள் என்று சந்தேகம். தலை நரைத்த பிறகும் அந்தச் சந்தேகம் அவருக்குத் தீரவில்லை.

இப்படிப்பட்ட ஆளைத்தான் தண்ணீர்க் காவலுக்கு ஊர் தேடும். மலையிலிருந்து வருவது ஒரே ஓடை. அதை நம்பி அடுக்கடுக்காக இறங்குகிற வயல்கள். மேல் வயல்காரன் மடையில் ஒரு கல்லை நகர்த்தினால் கீழ் வயல்காரன் பிள்ளைகள் தை மாதம் கிழங்கு தின்ன வேண்டியதுதான். அதனால் யாரையும் நம்பாத ஒருவன் கையில் காவல்கோலைக் கொடுத்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். மோஹெய் கைக்குக் கோல் வந்த பிறகு மடைக்கல் எதுவும் நகர்ந்ததில்லை. சொந்த மைத்துனன் வயலுக்குப் போகிற தண்ணீரையே அவர் விரலை விட்டு ஆழம் பார்ப்பார். சும்மா சொல்லக்கூடாது, நேர்மையான மனுஷர். எல்லோரும் தன்னைப் போலவே நேர்மையாக இருப்பார்கள் என்று மட்டும் அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அவருடைய சந்தேகத்துக்கெல்லாம் தலைமைப்பீடம் ஊரின் மேல்கோடியில் இருந்த நீர்ச்சக்கரம்.

அந்தச் சக்கரம் வந்த கதையே வேடிக்கை. முன்னொரு காலத்தில் நெல்லைக் குற்றி அரிசியாக்க வீட்டுக்கு வீடு மிதி உலக்கைதான். குளிர்காலம் முழுக்கப் பெண்கள் அதன்மேல் ஏறி மிதித்து மிதித்தே முழங்கால் தேய்ந்தார்கள். ஒரு வருஷம் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே காலையில் பிறந்த வீட்டுக்கு நடையைக் கட்டிவிட்டார்களாம். ஆண்கள் ஒரு வாரம் உமியோடு சேர்த்துச் சோறு தின்றார்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு காட்டில் மரம் வெட்டி, ஓடைத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி, ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு இருக்கிற சக்கரம் ஒன்றைச் செய்து நிறுத்தினார்கள். தண்ணீர் மேலிருந்து சக்கரத்தின் பெட்டிகளில் விழும். சக்கரம் சுழலும். அதன் அச்சு உலக்கைகளைத் தூக்கித் தூக்கி உரலில் போடும். பெண்கள் திரும்பி வந்தார்கள்.

வந்த கையோடு சண்டையும் வந்தது. சக்கரத்தில் விழுந்த தண்ணீர் பள்ளத்தில் இறங்கி, வயலுக்கு எட்டாமல் போனது. தண்ணீர் சக்கரத்துக்கா, வயலுக்கா? கடைசியில் ஊர்க்கோயில் முன்னால் ஒரு வாக்கு வைத்தார்கள். நாற்று நட்டதிலிருந்து அறுப்பு முடியும்வரை சக்கரம் சுழலக் கூடாது. தண்ணீர்க் காவலர் மதகுப் பலகையை இறக்கி, அதன் குறுக்கே வைக்கோல் கயிறு கட்டித் தன் கையாலேயே முடிச்சுப் போட வேண்டும். அதையும் மீறிச் சக்கரம் சுழன்றால் அதை உடைத்துவிட வேண்டும். முதல் அடியைக் காவலர்தான் அடிக்க வேண்டும். இதுவரை யாரும் அடித்ததில்லை. ஆனால் அதற்கான பெரிய மரச் சம்மட்டி கோயில் மூலையில் எப்போதும் தயாராக இருந்தது.

ரயில் பள்ளத்தாக்கின் வாய்வரை வந்து நின்றுவிட்ட அந்தக் காலத்தில் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டவள் தொமே. புருஷன் போன பிறகு அந்தக் கொட்டகையிலேயே தனியாக இருந்தாள். குற்றிக் கொடுத்ததற்குக் கூலி தவிடு. அந்தத் தவிட்டை அவளிடம் வாங்கி, அதில் முள்ளங்கியைப் புதைத்துத்தான் ஊர் முழுக்க ஊறுகாய் போடும். சக்கரத்தை விட்டால் அவளுக்கு வேறு நாதி கிடையாது.

மோஹெய் தன் அரிசியைத் தீட்டப் போனால் நாள் முழுக்க உரல் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். நல்ல வெள்ளையாக வேண்டும் என்பார். வெள்ளையாகிக் கையில் வந்ததும் மூட்டையைத் தூக்கிப் பார்த்து, குறைந்திருக்கிறதே என்பார்.

"தோலு போனாத்தானே அண்ணே வெள்ளையாகும்? உங்களை உரிச்சுப் பாத்தா நீங்களுந்தான் எடை குறைவீங்க" என்றாள் தொமே ஒருமுறை. அந்த வருஷம் முழுக்க அவர் அவளோடு பேசவில்லை.

அப்புறம் அந்த வறட்சி வந்தது. நாற்று நட்டு முடித்ததும் மழை நின்றது. ஓடை நூலாக இளைத்தது. மோஹெய் மதகுப் பலகையை இறக்கிக் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டார். அதோடு விட்டாரா? பலகையின் இடுக்குகளில் வழக்கமாகக் கசிகிற தண்ணீரைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அது கசிந்துகொண்டுதான் இருந்தது, யாரும் கண்டுகொண்டதில்லை. இவர் களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து எல்லா இடுக்கையும் அடைத்தார். ஒரு சொட்டு வரவில்லை.

மறுநாளே தொமே வந்து நின்றாள். கசிவு மட்டும் வேண்டும் என்றாள். சக்கரம் முழுக்க மரம், கோடை முழுக்கக் காய்ந்தால் வெடித்துக் கோணிப்போகும், அறுப்பு முடிந்து திறக்கும்போது சுழலாது, உடைந்துதான் விழும் என்று சொல்லிப் பார்த்தாள்.

"சொட்டுத் தண்ணிண்ணே. அதுல ஒரு நாத்துகூட நனையாது."

"இன்னிக்குச் சொட்டும்பே. நாளைக்குச் செம்பும்பே" என்றார் மோஹெய். "எனக்குத் தெரியாதா?"

தொமே அப்படியே திரும்பிப் போய்விட்டாள். சண்டை போடாமல் போனது அவருக்கு மிகுந்த சந்தேகத்தைக் கொடுத்தது.

இங்கே இன்னொரு சங்கதியையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் குளியல் தொட்டியைச் சூடாக்கினால் அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்து ஒருவர்பின் ஒருவராக அதே வெந்நீரில் இறங்கி எழுவார்கள். இன்று உன் வீடு, நாளை என் வீடு. அந்தக் கோடையில் மேட்டு வீடுகளின் கிணறுகள் வற்றின. மோஹெய் வீடு பள்ளத்தில், மூங்கில் புதருக்குப் பின்னால். அவர் கிணற்றில் தண்ணீர் இருந்தது. ஆனால் ஊரில் யார் கேட்டாலும், "எங்களுதும் வத்திப்போச்சு" என்றார். கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டேன். இன்று குளிக்க வருகிறவன் நாளை வாளியோடு வருவான் என்ற பயம் அவருக்கு. ஊரார் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு படுத்தார்கள். மோஹெய் சாயங்காலமானால் சத்தமில்லாமல் வெந்நீரில் முங்கினார். அதிலும் அவருக்குக் கழுத்தெல்லாம் வியர்க்குரு. அதற்குப் பீச் இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர்தான் மருந்து. பட்டுப்பூச்சி வளர்க்கிறேன் என்று ஊரே பீச் மரங்களை வெட்டிவிட்டு முசுக்கொட்டை நட்டபோது, இந்தப் பட்டு விலை நிலைக்குமா என்று சந்தேகப்பட்டுத் தன் மரத்தை வெட்டாமல் விட்டவர் மோஹெய். அதனால் ஊரில் பீச் மரம் இருந்த ஒரே வீடு அவருடையது.

கிவாவுக்கு இந்தப் பொய் பிடிக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வியர்வையோடு கிடக்கிறாள், அவளையாவது கூப்பிடலாமே என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளும் அதன்பிறகு கேட்கவில்லை. குளித்து முடித்த தண்ணீரைக் கத்தரிப் பாத்திக்கு ஊற்றுவது அவள் வேலை. சில நாளில் கத்தரிச் செடிகள் தலை தொங்கின. மோஹெய் பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தார். யாரோ ராத்திரியில் செடிக்கு உப்பு வைக்கிறார்கள் என்று முடிவுகட்டினார்.

அப்போதுதான் ஒரு காலையில் சுற்றி வரும்போது சக்கரத்தைப் பார்த்தார். சக்கரம் ஈரமாக இருந்தது.

ஓடிப்போய் மதகைப் பார்த்தார். கயிறு அப்படியே இருந்தது. முடிச்சும் அவர் போட்டதுதான். களிமண்ணில் விரல் பட்ட தடம்கூட இல்லை. ஆனாலும் சக்கரத்தின் பெட்டிகளுக்குள் ஈரம். தொமே முடிச்சைப் பார்த்துப் பழகிவிட்டாள், அவிழ்த்து மறுபடி அதேபோலக் கட்டுகிறாள் என்று நினைத்தார். தலையிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கி முடிச்சுக்குள் வைத்துக் கட்டினார். இருந்ததே கொஞ்சம் மயிர்தான். மறுநாள் மயிர் அப்படியே இருந்தது. சக்கரமும் ஈரமாகவே இருந்தது. பூமிக்கு அடியில் குழாய் பதித்திருக்கிறாள் என்று கொட்டகையைச் சுற்றிக் கோலால் குத்திக் குத்திப் பார்த்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெயில் அடிக்கிற இடமெல்லாம் பேய். வயலில் நாற்று மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அந்தத் தொமே தண்ணி திருடறாடி" என்றார் கிவாவிடம்.

கிவா சோற்றுப் பானையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "திருடறத நீங்க பாத்தீங்களா?" என்றாள்.

"ஈரத்தைப் பாத்தேன்."

"ஈரந்தானே? சக்கரம் போச்சுன்னா குளிர்காலம் பூரா மிதி உலக்கையில ஏறி நிக்கப்போறது யாரு? நீங்களா?"

இவள் எதற்கு அவளுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று அவர் உடனே அதையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார்.

அந்த வாரமே உமேஜி வந்து வெடியைக் கொளுத்திப் போட்டான். உமேஜி கீழ்க்கோடி வயல்காரன். அவன் நாற்றுதான் முதலில் கருகியது. அந்தி மசங்குகிற நேரத்தில் விறகோடு இறங்கி வரும்போது சக்கரம் சுழன்றதைத் தன் கண்ணால் பார்த்தேன் என்று கோயில் முன்னால் நின்று சத்தம் போட்டான். உலக்கைச் சத்தம் கேட்கவில்லை, ஆனால் சக்கரம் மெதுவாகச் சுழன்றது என்றான். ஊர் கூடிவிட்டது. ஊர்த் தலைவர் சோகிச்சி நிதானமான மனுஷர். தாடையைச் சொறிந்துகொண்டு கேட்டார், "குத்தாம சக்கரத்தைச் சும்மா சுத்தவிட்டு அவளுக்கு என்ன லாபம்?"

"அதாங்க எனக்கும் சந்தேகமா இருக்கு" என்றார் மோஹெய்.

வறண்ட வயலை வைத்துக்கொண்டு நிற்கிற கூட்டத்துக்கு அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை. மறுநாள் காலையில் சம்மட்டியை எடுத்துக்கொண்டு எல்லோரும் மேல்கோடிக்குப் போனார்கள். பெண்களும் பின்னால் வந்தார்கள்.

தொமே கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். சக்கரம் சுழன்றது உண்மைதான் என்றாள். உலக்கைகளைத் தூக்கிக் கட்டிவிட்டு, கையால் தள்ளிச் சுழற்றி, எல்லாப் பக்கமும் அகப்பையால் தண்ணீர் ஊற்றி நனைத்தேன் என்றாள். ஓடைத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுக்கவில்லை என்று கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அப்ப ஏது தண்ணி? உன் கிணறும் வத்திப்போச்சே" என்றார் சோகிச்சி.

"ஒருத்தங்க குடுத்தாங்க."

"யாரு?"

"சொல்ல மாட்டேங்க. சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

கூட்டம் சிரித்தது. குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் மரத்துக்கு ஊற்ற யார் கொடுப்பார்கள்? உமேஜி காறித் துப்பினான். சோகிச்சி பெருமூச்சு விட்டுவிட்டு மோஹெய்யைப் பார்த்துத் தலையசைத்தார். தொமே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வாழ்க்கை அந்த மரத்தில்தான் இருந்தது, அது எல்லோருக்கும் தெரியும்.

மோஹெய் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு சக்கரத்தின் பக்கம் போனார். மனசுக்குள் ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைப்பானேன்? வாழ்நாள் முழுக்கப் பட்ட சந்தேகத்தில் ஒன்றாவது நிஜமாகிவிட்டது. எங்கே அடித்தால் பிளக்கும் என்று பார்ப்பதற்காகக் குனிந்து ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்தார்.

உள்ளே ஈரப் பலகையில் ஓர் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒடுங்கி நீண்ட இலை. வெந்து பழுப்பேறியிருந்தது. விரலால் எடுத்தார். அடுத்த பெட்டியில் இன்னும் இரண்டு இருந்தன. மூக்கருகே கொண்டுபோனார். தினமும் சாயங்காலம் கழுத்துவரை அந்த வாசனையில்தான் அவர் முங்கிக் கிடந்தார்.

கத்தரிச் செடி ஏன் வாடியது என்று அந்தக் கணத்தில் அவருக்குப் புரிந்தது.

திரும்பிப் பார்த்தார். பெண்கள் கூட்டத்தில் கிவா நின்றிருந்தாள். தலையைக் குனியவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலை முன்னால் வைத்திருந்தாள், அவ்வளவுதான். தொமேயும் அவரைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

இலையைக் கசக்கிப் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஒரே அடி, வேலை முடிந்தது. சொன்னால் கிணற்றுப் பொய் வெளியே வரும். வேர்த்து நாறிக்கொண்டு நின்ற அத்தனை பேர் முன்னாலும் வெளியே வரும். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷரின் மடி அன்றைக்குக் கனத்தது. உமேஜி, "அடிங்க, என்ன யோசனை?" என்று கத்தினான்.

மோஹெய் சம்மட்டியைக் கீழே வைத்தார்.

"இது ஓடைத் தண்ணி இல்ல" என்றார். இலையைத் தூக்கிக் காட்டினார். "எங்க வீட்டுத் தொட்டித் தண்ணி. நான் குளிச்ச தண்ணி."

உமேஜிதான் முதலில் கணக்குப் போட்டான். "குளிச்ச தண்ணியா? உங்க கிணறு வத்திப்போச்சுன்னு சொன்னீங்களே?"

மோஹெய் இலையைக் கைக்குள் மூடிக்கொண்டார். உமேஜி விடவில்லை.

"நாங்கல்லாம் துணியால தொடைச்சிக்கிட்டுக் கிடக்கறோம். நீங்க பீச் இலை போட்டு முங்கறீங்க. வேலியே பயிரை மேஞ்சிருக்கு. யாரு கண்டா, அது கிணத்துத் தண்ணிதானா, இல்ல காவலுக்குப் போற வழியில ஓடையில மொண்டதா?"

நியாயமாகப் பார்த்தால் அது அநியாயமான கேள்வி. மோஹெய் ஓடையில் ஒரு கை அள்ளியதில்லை. ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? ஈரத்தைப் பார்த்துத் திருட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று ஊருக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தானே. சோகிச்சி மெல்ல வந்து அவர் இடுப்பில் செருகியிருந்த காவல்கோலை உருவிக்கொண்டார். சக்கரத்தை யாரும் தொடவில்லை. சம்மட்டி கோயிலுக்குத் திரும்பிப் போனது. பெண்களில் யாரோ ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். தொமே மட்டும் அழுதாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் மோஹெய் கிவாவைக் கேட்டார், "நீயே முன்னால வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லத்தான் கால எடுத்து வச்சேன்" என்றாள் கிவா. "நீங்க இலையை எடுத்தீங்க. சரி, என்னதான் பண்றீங்கன்னு பாக்கலாம்னு நின்னுட்டேன்."

"நான் கசக்கிப் போட்டிருந்தா?"

"பொறந்த வீட்டுக்கு நடையக் கட்டியிருப்பேன்" என்றாள். "இந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கு வழி தெரியும்."

அன்று சாயங்காலமே ஊர் அவர் வீட்டு வாசலில் துண்டோடு நின்றது. வந்தவர்கள் முதலில் இறங்குவதுதான் மரியாதை. பிள்ளைத்தாய்ச்சி இறங்கினாள், கிழவர்கள் இறங்கினார்கள், உமேஜி இறங்கி வெகுநேரம் பாட்டுப் பாடினான். எல்லோரும் போன பிறகு கடைசியாக மோஹெய் இறங்கினார். தண்ணீர் கலங்கி, ஊர் அழுக்கெல்லாம் மிதந்து, இளஞ்சூடாக இருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டு, யாராவது வேண்டுமென்றே கூடுதலாக மொண்டு ஊற்றியிருப்பார்களோ என்று தொட்டியின் விளிம்பில் விரல் வைத்து அளந்து பார்த்தார். பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா? பிறகு எழுந்து, துடைத்துக்கொண்டு, தொட்டித் தண்ணீரை இரண்டு வாளிகளில் நிரப்பித் தோள்கம்பில் மாட்டிக்கொண்டு சக்கரத்துக்குக் கிளம்பினார். கிவா போகச் சொல்லவில்லை. தானாகவே போனார். அறுப்புவரை அதுதான் அவர் வேலை. அந்த மார்கழியில் சக்கரம் கோணாமல் சுழன்றது. ஊர்ப் பெண்கள் யாரும் மிதி உலக்கையில் ஏறவில்லை.

ஆனால் காவல் மறுபடி அவருக்குக் கிடைக்கவில்லை. அது உமேஜிக்குப் போனது. அந்தக் கோடையிலேயே, கோல் கைக்கு வந்த முதல் நாள் சாயங்காலமே, சக்கரத்துக்குப் போகிற வழி வளைவில் உமேஜி கோலோடு நின்றிருந்தான்.

"என்ன மோஹெய் அண்ணே, வாளியில என்ன?"

மோஹெய் வாளிகளை இறக்கி வைத்தார். உமேஜி குனிந்து விரலை விட்டு, சூடு இருக்கிறதா என்று பார்த்தான். இலையைத் தேடினான். விரலை முகர்ந்தான். அதற்கும் திருப்தி வராமல் இன்னொரு வாளியிலும் விரலை விட்டு முகர்ந்துவிட்டுத்தான் வழியை விட்டான்.

மோஹெய்க்குக் கோபம் வரவில்லை. அவராயிருந்தால் குடித்தே பார்த்திருப்பார்.